பாதி ஜக்குத் தண்ணீர்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை வார இதழ்களை அடுக்கும்போது மேசைமேல் ஒரு இலை கிடந்தது. பச்சை இலைதான். நுனியில் மட்டும், வெட்டிப் போட்ட நகத்தின் அளவுக்குப் பழுப்பு. கடிதத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன், பார்.

சுகம் விசாரிக்காமல் இலையில் ஆரம்பித்துவிட்டேன், கோபிக்காதே. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? செடிப் பண்ணையில் தொட்டிகளைக் குனிந்து தூக்காமல் உட்கார்ந்து தூக்கச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்.

நீ கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலையில் நாளையோடு மூன்று மாதம் முடிகிறது. பல் டாக்டரம்மாவிடம் இதுவரை நான் பேசியது 'சரிம்மா', 'இல்லம்மா' இரண்டுதான். கூட்டுகிறேன், துடைக்கிறேன், வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதுகிறேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். காத்திருக்கும் அறையின் ஜன்னலோரம் ஒரு போன்சாய் மரம் இருக்கிறது. அதுவும் என் பொறுப்பு. ஒரு முழம்கூட உயரமில்லாத ஆலமரம், ஆனால் விழுதெல்லாம் விட்டிருக்கிறது. டாக்டரம்மா படித்து முடித்த வருடம் வாங்கியதாம். என்னைவிட அதற்கு வயது அதிகம். முதல் நாளே என்னை அதன் முன்னால் நிறுத்திச் சொன்னார்: "இங்க எதை உடைச்சாலும் திட்டிட்டு விட்டுடுவேன். இதுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, அப்புறம் நீ வர வேணாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு முடிந்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் கேட்டிருக்கலாம். போனை எடுத்தால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். உன் பட்டன் போனுக்குப் படமும் வராது. பண்ணையில் எத்தனை ஆயிரம் செடியைப் பார்க்கிறாய், இது என்னவென்று நீதான் சொல்ல வேண்டும். உள்ளறையில் வேலை செய்யும் நர்ஸம்மாவிடம் காட்டவில்லை. அவளிடம் எதையும் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

பதிலைச் சீக்கிரம் போடு.

உன் தங்கை
சுண்டு


ஜூன் 12

என் சுண்டெலிக்கு அக்கா எழுதுவது.

இலை நசுங்காமல் வந்து சேர்ந்தது. உன் ஒட்டு வேலைக்கு ஒரு சபாஷ். என் முதுகு அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு வேலை செய்கிறேன், நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. மற்றபடி சுகம். அம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் இலையைப் பண்ணை மேஸ்திரியிடம் காட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நோய் இல்ல, கோபம்" என்றார். பூச்சி கடித்தால் ஓட்டை இருக்கும். தண்ணீர் அதிகமானால் அடி இலைகள் முழுசாக மஞ்சளாகி விழும். நுனி மட்டும் கருகினால் ஒன்று காற்று, இல்லையென்றால் தண்ணீர். ஏசி காற்று மரத்தின்மேல் நேராக அடிக்கிறதா பார். அடித்தால், வெளிச்சம் குறையாமல் கொஞ்சம் தள்ளி வை. குழாயைத் திறந்து அப்படியே ஊற்றுகிறாய் என்றால் அதையும் நிறுத்து. குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து கலந்திருக்கும். சாயங்காலமே ஒரு பாத்திரத்தில் பிடித்து, மூடாமல் வைத்துவிடு. மறுநாள் அதை ஊற்று. ஊற்றுவதற்கு முன் விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிடு.

நர்ஸம்மா என்ன செய்தாள், கடித்தாளா? பல் ஆஸ்பத்திரியில் கடித்தால் வைத்தியம் இலவசமாக இருக்குமே.

ஒன்று சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டாய். அதன்பிறகு இரண்டு வருடம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாய். இன்று தினமும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறாய். எந்த மரத்துக்காகவும் அது நிற்கக் கூடாது.

உன் அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். சுகம்தான், ஆனால் சரியாகத் தூக்கமில்லை. உனக்கு முதுகு தேவலையா?

ஏசி காற்று நேராகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. மேசையை இரண்டடி தள்ளிப் போட்டேன். கை கழுவும் இடத்து அலமாரியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஜக்கு சும்மா கிடந்தது. தினமும் கிளம்புவதற்கு முன் அதில் தண்ணீர் பிடித்து அங்கேயே தட்டில் வைத்துவிடுகிறேன். காலையில் பெருக்கித் துடைப்பதற்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள். அதனால் மதியம் டாக்டரம்மா மாடிக்குச் சாப்பிடப் போகும்போது ஊற்றுகிறேன்.

முதல் வாரம் ஒரு இலையும் விழவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு ஆரம்பித்தது. இந்தமுறை நுனி மட்டும் இல்லை, இலையின் ஓரம் முழுக்கத் தீயில் காட்டிய காகிதம்போல ஆகிறது. இதுவரை பதினேழு விழுந்துவிட்டன. இரண்டை ஒட்டியிருக்கிறேன். பல்செட்டுக்காக வாராவாரம் வரும் பெரியவர் ஒருவர் மரத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் என்னை மாதிரி எல்லாம் கொட்டிடுச்சே பாப்பா, ஒரு செட்டு கட்டிடலாமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

இன்னொன்று. சாயங்காலம் ஜக்கைக் கழுத்து வரை நிரப்பி வைக்கிறேன். காலையில் நான் வரும்போதும் கழுத்து வரை இருக்கிறது. மதியம் போய்ப் பார்த்தால் பாதிதான். மூடாமல் வைத்தால் இவ்வளவா ஆவியாகும்? நானும் நான்கு நாள் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டேன். தினமும் பாதி. அந்த இடத்துக்கு நானும் நர்ஸம்மாவும்தான் போவோம்.

அவள் எனக்கு 'மியூட்டு' என்று பேர் வைத்திருக்கிறாள். ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துவதற்கு ஒரு பட்டன் இருக்குமே, அதுதான். "மியூட்டு, அடுத்த ஆளை அனுப்பு", "மியூட்டு, கதவைச் சாத்து." உள்ளறை அவள் ராஜ்யம், எனக்கு அங்கே வேலையில்லை. என் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவளுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அம்மா உனக்குச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள்.

சுண்டு


ஜூலை 9

சுண்டு,

அம்மாவும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முதுகு பரவாயில்லை, இப்போது முட்டி முறை.

இலைகளைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் இந்தமுறை கோபம் என்று சொல்லவில்லை, "யார் வீட்டு மரம்?" என்று மட்டும் கேட்டார். இலையின் அடிப்பக்கம் பிசுபிசுப்பு இருக்கிறதா? காம்பில் வெள்ளைப் பஞ்சு, சின்னச் செதில் ஏதாவது? எனக்குத் தெரிந்தவரை இல்லை, நீயும் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார். நீ உரம் எதுவும் போடவில்லையே? ஓரம் கருகுவது உரம் அதிகமானாலும் வரும். மண்ணின்மேல், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கிறதா பார். இருந்தால் விரலில் தொட்டு நாக்கு நுனியில் வை. முகம் சுளிக்காதே, நாங்கள் இங்கே தினமும் மண் தின்கிறோம்.

பாதி ஜக்கு எனக்கும் பிடிக்கவில்லை. தண்ணீருக்குக் கால் முளைக்காது. மண்ணில் நீ போடாத ஏதாவது இருந்தால், அதை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த நர்ஸம்மாவைக் கண்ணில் வை. உனக்குப் பேச்சுதான் வராது, பார்வை நன்றாகவே வருமே. என்ன எடுக்கிறாள், எங்கே போகிறாள் என்று பார்த்து எனக்கு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள்.

உன் அக்கா


ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

உப்பு.

பூச்சி இல்லை, பஞ்சு இல்லை, பிசுபிசுப்பு இல்லை. தொட்டி விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். மண்ணின் மேலும் பொடிப்பொடியாக. நக்கிப் பார்த்தேன். வாயெல்லாம் கரித்தது. சந்தேகமே இல்லை, சமையலுக்குப் போடுகிற உப்பு. அதை யாரும் தெரியாமல் மரத்தில் போடமாட்டார்கள். நீ எழுதியது சரி.

நீ சொன்னதுபோல அவளைக் கண்ணில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை பெஞ்சுக்கு அடியில் விழுந்த காகிதத்தை நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன், என்னை அவள் பார்க்கவில்லை. தன் அலமாரியைத் திறந்து உப்புப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது பாக்கெட்டின் வாயை மடித்துக்கொண்டே வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் எதற்கு உப்பு? புதன்கிழமையும் போனாள். காரணமும் தெரிந்துவிட்டது. அவள் நாத்தனார் மகள் ஒருத்தி வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். போனில் அவளிடம் சொன்னதை நானே கேட்டேன்: "இரு, இரு. இங்க ஒரு பொண்ணு இருக்கா, வாயே திறக்க மாட்டா. எத்தனை நாள் நிப்பான்னு தெரியல. போனா உன்னைத்தான் கூப்பிடுவேன்."

அவளுடைய நெஞ்சழுத்தத்தைக் கேள். அன்றைக்கே சாயங்காலம் நான் ஜக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து என் தலையில் தட்டினாள். "தினமும் ரொப்பி வெச்சிடறியே, சொல்லாமலே செய்யறே. நல்ல பொண்ணுதான்டி நீ, மியூட்டு" என்று சிரித்தாள். தண்ணீரைக் கொட்டுகிறவளே கிண்டலும் செய்கிறாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஜக்கை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இனி என்ன செய்ய? உடனே எழுது அக்கா. மரத்தில் பாதி இலை இல்லை.

உனக்கு முட்டி வலி குறைந்ததா? 

சுண்டு


ஜூலை 31

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. தபால் தாமதமா, உனக்கு உடம்புக்கு முடியவில்லையா? அம்மா போனில் பேசினபோது நீ நன்றாகத்தான் பேசினாயாம். என் கடிதம் வந்ததா என்று அம்மா கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டாயாம்.

நேற்று டாக்டரம்மா மரத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "நல்லா இருந்த மரம். ரெண்டு மாசத்துல இப்படி ஆக்கிட்டியே, என்னதான் ஊத்தறே இதுக்கு?" என்று கேட்டார். எனக்கு வாயில் இருந்தது 'தண்ணீர்' என்ற ஒரே வார்த்தை. அதுகூட வரவில்லை. நர்ஸம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் பத்து நாள் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

பத்து நாள் அக்கா.

சுண்டு


ஆகஸ்ட் 5

சுண்டுக்கு,

நலமாக இருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

இப்படிச் செய். நாளைக்கே ஒரு புது பாட்டில் வாங்கு. அதில் தண்ணீர் பிடித்து உன் பையிலேயே வைத்துக்கொள். ஜக்கை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடு, அதிலிருந்து ஒரு சொட்டுகூட ஊற்றாதே. மரத்தைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், தொட்டியின் அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடும்படி ஊற்று. வடியட்டும். மறுபடி ஊற்று. அப்படி நான்கு முறை. ஒருநாள் விட்டு மறுபடியும் அதேபோல. உப்பு இறங்கிவிடும். ஆல் அவ்வளவு சீக்கிரம் சாகாது.

யாரைப் பற்றியும் யாரிடமும் எதுவும் சொல்லாதே.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வியாழக்கிழமையே நான் சொல்லிவிட்டேன்.

சொல்லவில்லை, எழுதினேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'மரத்தொட்டியில் உப்பு இருக்கிறது. நர்ஸம்மா உப்புப் பாக்கெட்டோடு போவதைப் பார்த்தேன்' என்று எழுதி டாக்டரம்மாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். என் பேரை எழுதவில்லை. என் கையெழுத்துத்தான் அவருக்குத் தெரியுமே.

டாக்டரம்மா முதலில் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு நர்ஸம்மாவை உள்ளே கூப்பிட்டார். கதவு முழுசாகச் சாத்தவில்லை. "மரத்துல உப்பைக் கொட்டினியா?" என்று கேட்டார். அப்புறம் நர்ஸம்மா சொன்னாள்: "பதினொரு வருஷம்மா. உங்க கை என்ன கேக்குதுன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி எடுத்துக் கொடுத்திருக்கேன். அந்த மரத்தை நான் தொட்டதே இல்லை. இதை என்கிட்ட கேக்கலாம்னு தோணிச்சே உங்களுக்கு!" டாக்டரம்மா, "இல்லன்னு சொன்னா போதும்" என்றார். "சொல்ல மாட்டேன். நம்பறவங்ககிட்டதான் இல்லன்னு சொல்ல முடியும்" என்றாள். மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, என்னைத் தாண்டிப் போனாள். நின்று ஒரு தரம் என்னைப் பார்த்தாள். மியூட்டு என்றுகூடச் சொல்லவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன் இல்லையா? ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

புது பாட்டில் வாங்கிவிட்டேன். மரத்தைக் கழுவியாயிற்று. உன் முதுகுவலியை எழுதவே இல்லையே, எப்படி இருக்கிறது?

சுண்டு


ஆகஸ்ட் 26

சுண்டுக்கு அக்கா எழுதுவது.

இங்கே சரியான மழை. கொட்டகைக்குள் தண்ணீர் வந்து மேஸ்திரி வழுக்கி விழுந்தார். எழுந்து நின்று, "நான் விழல, மண் பார்த்தேன்" என்றார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பூந்தொட்டி ஏற்றுமதி முடிந்தால் ஒரு வாரம் லீவு கிடைக்கும், அப்போது வருகிறேன். அம்மா தைத்த சட்டை கையில் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மரத்தில் கணு பச்சையாக வீங்கினால் புது இலை வரப்போகிறது என்று அர்த்தம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வை, எல்லாப் பக்கமும் வெயில் படட்டும்.

அந்த நர்ஸம்மா விஷயம், போனது போகட்டும். அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. 

உன் அக்கா


செப்டம்பர் 14

அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். மரத்தில் புது இலை வந்திருக்கிறது, பதினொன்று. ஒட்டி அனுப்ப மனமில்லை.

நர்ஸம்மா போன பிறகு வேறொரு கிளினிக்கிலிருந்து ஒரு மாதத்துக்கு ஆள் வந்து போனாள். அடுத்த ஆள் வரும்வரை உள்ளறைச் சின்ன வேலைகளை என்னைச் செய்யச் சொன்னார் டாக்டரம்மா. இன்று காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த வெள்ளை ஜக்குல ரெண்டு ஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கி, பல் பிடுங்கற நாற்காலிகிட்ட கொண்டு வை. வாய் கொப்பளிக்க."

நான் அப்படியே நின்றேன்.

"என்ன முழிக்கறே? ஜூன் மாசம் நாற்காலிக் குழாய் கெட்டுப்போனதுல இருந்து தினமும் காலையில அப்படித்தானே வெப்பா. பாதியை பாட்டிலுக்கு மாத்திடுவா, மிச்சம் ஜக்குல இருக்கும். நீதான் முந்தின நாளே தண்ணி ரொப்பி வெச்சிடுவியாமே. அந்தப் பொண்ணு ரொம்ப உதவின்னு என்கிட்ட சொன்னா."

ஜக்கைக் கையில் எடுத்தேன். பென்சில் கோடு அப்படியே இருந்தது.

மதியம் ஊற்றியதெல்லாம் அந்த மிச்சம்தான். நான்தான் ஊற்றினேன். என் கையால், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்று தெரிந்துகொண்டு, அளவாக.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களைத் தேதிப்படி அடுக்கினேன். எப்போதும் எட்டு நாள், ஒன்பது நாளில் பதில் போட்டுவிடுவாய். நர்ஸம்மா என் தலையில் தட்டி நல்ல பொண்ணு என்று சொன்னதை நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் பத்தொன்பது நாள். வந்த பதிலில் 'ஜக்கிலிருந்து ஒரு சொட்டுகூட ஊற்றாதே'. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. குளோரினுக்கும் பூச்சிக்கும் பத்து வரி காரணம் எழுதுகிறவள் நீ. 'யாரைப் பற்றியும் சொல்லாதே' என்பதற்கும் காரணம் இல்லை. அடுத்த கடிதத்தில் மேஸ்திரி வழுக்கி விழுந்த கதை.

இத்தனை நாள் நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். உன்னைத் தவிர.

உனக்கு எப்போது தெரிந்தது? தேதியோடு எழுது.

சுண்டு


செப்டம்பர் 22

சுண்டு,

ஜூலை 23. உன் கடிதம் வந்த அன்றே.

பாதி ஜக்கு, உப்புப் பாக்கெட், 'தினமும் ரொப்பி வெச்சிடறியே'. ஒன்று முந்தைய கடிதத்தில், இரண்டு இதில். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. பல் பிடுங்கினால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் கிண்டல் செய்யவில்லை, நன்றிதான் சொல்லியிருக்கிறாள். அவள் வேலைக்கு நீ உதவுவதாக நினைத்திருக்கிறாள். யாராவது உன்னைப் பற்றி நன்றாகப் பேசினால் உனக்குத்தான் அது கிண்டலாகக் கேட்குமே.

அன்றே எழுத உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன். மூன்று முறை. நான் உண்மையை எழுதினால் நீ நேராகப் போய் டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொள்வாய், எனக்குத் தெரியும். மரத்தைக் கெடுத்தது நீ என்று ஆனால் அந்த அம்மா உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நீ மறுபடியும் அந்த ஜன்னலோரத்தில் போய் உட்காருவாய். இந்தமுறை எழுந்திருக்க மாட்டாய். அதனால் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டால் மரம் பிழைக்கும், உன் வேலையும் பிழைக்கும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்து நினைத்தே நாளைக் கடத்தினேன். இரண்டு நாள் முன்னால் தபாலில் போட்டிருந்தால் அந்தத் தாளை நீ எழுதியிருக்க மாட்டாய். இதையும் யோசிக்காமல் இல்லை.

ஜக்கில் பிடித்து வைக்கச் சொன்னது நான். அவளைக் கண்ணில் வை என்று எழுதியதும் நான். உன் கை ஊற்றியது, அவ்வளவுதான்.

இனியாவது நான் சொல்வதைக் கேள். பதினொரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு எங்கே போனாலும் இடம் கிடைக்கும். உனக்குக் கிடைக்காது. மரம் பிழைத்துவிட்டது. சொல்லாதே சுண்டு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதுகு, முட்டி எதையும் கேட்காதே. எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்காதே என்றாலும் கேட்கிறேன், உன் முதுகு எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நான் சொல்லவில்லை.

உன் கடிதத்தை நான்கு நாள் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நீ எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நான்கு நாள் ஆயிற்று. ஒவ்வொரு காலையும் அந்த ஜக்கில் உப்பைப் போட்டுக் கலக்கும்போது, நர்ஸம்மா என் தலையில் தட்டிய இடம் சுட்டது.

ஐந்தாம் நாள் மதியம் டாக்டரம்மா மாடிக்குக் கிளம்பும் முன் ஜக்கைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். "என்ன?" என்றார். "நான் இதுலருந்துதான்மா மரத்துக்கு ஊத்தினேன். உப்பு இருக்கிறது எனக்குத் தெரியாது. நான் ஊத்தறது நர்ஸம்மாவுக்கும் தெரியாது" என்றேன். அவ்வளவையும் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. நடுவில் இரண்டு முறை நின்றுபோனேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

டாக்டரம்மா பென்சில் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த நர்ஸம்மாவின் மேல்கோட்டைப் பார்த்தார். "நானும் கேட்டிருக்கக் கூடாது" என்றார். கொஞ்சம் கழித்து, "நோட்டுல பின்பக்கம் அவ வீட்டு விலாசம் இருக்கு. முதல்ல அங்க போயிட்டு வா. உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். இன்றுவரை பேசவில்லை. வைத்துக்கொள்வாரா, அனுப்பிவிடுவாரா, தெரியாது.

நேற்று விடுமுறை. நடந்தது முழுவதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன், நீட்டிவிட்டு வந்துவிடலாம் என்று. இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை வீடு. கதவுக்கு வெளியே வெள்ளைச் செருப்பு, வேலைக்குப் போட்டுக்கொண்டு வருவாரே, அதேதான். தூசி படிந்திருந்தது. வேறு இடம் கிடைக்கவில்லை என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது.

கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மியூட்டு? மறுபடி ஏதாவது எழுதிக் கொண்டு வந்திருக்கியா?"

பைக்குள் தாளைப் பிடித்திருந்த கையை வெறுமனே வெளியே எடுத்து, வாயைத் திறந்து, ஜக்கு கிடைத்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

சுண்டு